கஸெட் பை வடிவமைப்பு: மடிப்பை அப்புறம் பார்க்கலாம், சுற்றளவை முதலில் பிடியுங்கள்

கேள்வி இதுதான். 24 செ.மீ அகலம், 16 செ.மீ ஆழம், 35 செ.மீ உயரம் உள்ள ஒரு துணிக்கட்டைப் போட, பக்கங்கள் மடிந்து விரியும் பிளாஸ்டிக் பை வேண்டும். பையின் அளவை எப்படிக் கணக்கிடுவது? மடிப்பு பக்கத்தில் வேண்டுமா, அடியிலா? தடிமன் எத்தனை மைக்ரான்? சூட்டால் ஒட்டிய சீல் எங்கே பிரியும்? பிறகு இதே பையில் குருணை மாதிரியான உதிரிப் பொருளையும் நிரப்ப முடியுமா?

சுற்றளவிலிருந்து தொடங்குகிறேன். கஸெட் (தொழிலில் இந்த மடிப்புக்கு இதுதான் பெயர்) வைத்தால் பைக்குள் இடம் கூடும் என்று நினைத்து அளவு போடுவதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். கஸெட் இடத்தைக் கூட்டாது. 84 செ.மீ சுற்றளவுள்ள ஒரு பிளாஸ்டிக் டியூபை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையாக வைத்தால் 42 செ.மீ அகலம் இருக்கும். அதையே இரண்டு ஓரத்திலும் 8.5 செ.மீ உள்ளே தள்ளி மடித்தால் 25 செ.மீ அகலமுள்ள கஸெட் டியூப் ஆகிவிடும். இரண்டிலும் பிளாஸ்டிக் ஒன்றே, சுற்றளவும் ஒன்றே. கஸெட் பை விரிந்து 25-க்கு 17 என்று செவ்வகமாக நின்றால் குறுக்குவெட்டு 425 சதுர செ.மீ. அதே சுற்றளவு நிறைந்து உருண்டையாக நின்றால் சுமார் 561 சதுர செ.மீ. வெறும் கொள்ளளவுதான் வேண்டும் என்றால் உருண்டைப் பைதான் லாபம்.

அப்படியானால் கஸெட் எதற்கு? இருக்கிற சுற்றளவு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அது முடிவு செய்கிறது. மடிப்பில்லாத தட்டைப் பையில் ஒரு பெட்டி வடிவப் பொருளைப் போட்டு நிமிர்த்துங்கள். அடியின் இரண்டு ஓரத்திலும் பிளாஸ்டிக் காது போல வெளியே நீட்டிக்கொள்ளும். பொருளின் மூலைகள் அந்தக் காதின் அடிவாரத்தில் குத்தி நிற்கும். கிழிசல் அங்கேதான் தொடங்கும். கஸெட் இருந்தால் அந்தக் காது உள்பக்கமாக மடங்கிப் பொருளுக்கு அடியில் அமர்ந்துவிடும். முன்பக்கமும் சுருக்கமில்லாமல் பலகை போல நிற்கும், அச்சு தெளிவாகத் தெரியும். காலிப் பை 42 செ.மீ இடத்தை அடைக்காமல் 25 செ.மீ அகலத்தில் கட்டாக அடங்கும். இந்த மூன்றும் உங்களுக்கு முக்கியமில்லை என்றால் கஸெட்டே வேண்டாம், தட்டைப் பையே போதும். அதில் தயாரிப்பும் எளிது, சீலும் உறுதி.

துணிக்கட்டுக்குக் கஸெட் பொருத்தமே. இனி அளவு.

பொருளின் சுற்றளவு 24 + 16-ஐ இரண்டால் பெருக்கினால் 80 செ.மீ. அதற்குச் சரியாக 80 செ.மீ பை செய்தால் பொருள் உள்ளே போகாது. உறை போலத் தோலோடு தோலாக ஒட்டும், காற்று வெளியேற வழியிருக்காது. அகலத்தில் 1 செ.மீ, ஆழத்தில் 1 செ.மீ கூட்டுங்கள். முன்பக்கம் 25, கஸெட் 17, சுற்றளவு 84. கையால் போடுவதற்கு இந்தத் தளர்வு போதும். துணி மாதிரி அமுங்குகிற பொருள் என்பதால்தான் இவ்வளவு குறைவாகச் சொல்கிறேன். விறைப்பான அட்டைப்பெட்டி என்றால் இன்னும் ஒன்றிரண்டு செ.மீ தாராளமாக விடுவேன்.

எந்தப் பக்கத்தை முன்பக்கமாக வைப்பது என்பதில் ஒரு கட்டாயம் உண்டு. கஸெட் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக உள்ளே போகிறது, அதாவது 8.5 இங்கே, 8.5 அங்கே. இரண்டு மடிப்பின் நுனிகளுக்கும் நடுவே 25-லிருந்து 17 போக 8 செ.மீ இடைவெளி இருக்கும். நீங்கள் 16 செ.மீ பக்கத்தை முன்பக்கமாக வைத்து, 24 செ.மீ பக்கத்தைக் கஸெட் ஆக்கினால் என்ன ஆகும்? பை 17 செ.மீ அகலம், உள்ளே போகும் மடிப்போ ஆளுக்கு 12.5. இரண்டும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். ஏறிய இடத்தில் ஆறு அடுக்கு பிளாஸ்டிக். அதை ஒழுங்காக மடிக்கவும் முடியாது, சீல் போடவும் முடியாது. ஆகவே கஸெட்டின் முழு ஆழம் முன்பக்க அகலத்தைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். சமமாக இருந்தால்கூட நுனிகள் முட்டிக்கொள்ளும். உற்பத்தியில் மடிப்பு கொஞ்சம் நகர்வது வழக்கம் என்பதால் அதுவும் ஆபத்துதான்.

நீளம்தான் பலர் தப்பாகப் போடுகிற அளவு. பொருள் 35 செ.மீ உயரம், மேலே சீலுக்கு நாலைந்து செ.மீ, ஆக 40 போதும் என்று எழுதிவிடுகிறார்கள். அடியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பை விரிந்து நிற்கும்போது தரையில் பதிகிற அடிப்பகுதி எங்கிருந்து வருகிறது? முன்பக்கத்தின் கீழ்ப்பகுதியும் பின்பக்கத்தின் கீழ்ப்பகுதியும் உள்ளே மடங்கி, நடுவிலுள்ள சீல் கோட்டில் சந்தித்துத்தான் அடி உண்டாகிறது. ஆழம் 17 என்றால் ஒவ்வொரு பக்கமும் 8.5 செ.மீ நீளத்தை அடி தின்றுவிடும். மேலேயும் அதே மாதிரி தட்டையாக மூடினால் இன்னொரு 8.5. சீல் பிடிக்கவும் கைக்கும் 4, அடிச் சீலுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்துக்கு 1. மொத்தம் 35 + 8.5 + 8.5 + 4 + 1 = 57 செ.மீ. 40 என்று நினைத்த பை 57 ஆகிறது. காசு கூடுகிறதே என்று இதில் கை வைத்தால் பொருள் பையின் வாய்க்கு வெளியே எட்டிப் பார்க்கும்.

பெட்டிக்குள் போடும் லைனர் பைக்கும் இதே கணக்குதான். முன்பக்கமும் கஸெட்டும் சேர்ந்தது, பெட்டியின் நீள அகலக் கூட்டுத்தொகையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். இங்கே சிக்கனம் கூடாது. லைனர் சின்னதாகிவிட்டால் பெட்டி தாங்க வேண்டிய எடையைப் பிளாஸ்டிக் தாங்கும். கொஞ்சம் பெரிதாகச் சுருங்கிக் கிடந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

காகிதத்தில் அளவு போட்ட கையோடு ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். 42 செ.மீ அகலமுள்ள சாதாரண டியூப் கொஞ்சம் வாங்குங்கள். 8.5 செ.மீ அகலத்தில் இரண்டு அட்டைப் பட்டைகள் வெட்டி, டியூபின் இரண்டு ஓரத்தையும் அந்தப் பட்டைகளால் உள்ளே தள்ளி, மேலே ஸ்கேலை வைத்து அழுத்தி இழுத்தால் மடிப்புக் கோடு விழும். பட்டைகளை உருவிவிட்டு, கை சீலரில் அடியை ஒட்டுங்கள். பொருளை இறக்கி நிமிர்த்தி, அதன் எட்டு மூலைகளும் பையில் எங்கே படுகின்றனவோ அங்கே மார்க்கர் பேனாவால் புள்ளி வையுங்கள். பொருளை எடுத்துவிட்டுப் பையை மறுபடி தட்டையாக்கிப் பாருங்கள். கீழ்ப்புள்ளிகள் அடிச் சீலிலிருந்து ஏறக்குறைய எட்டு எட்டரை செ.மீ மேலே, ஓரத்தை ஒட்டி இருக்க வேண்டும். அவை ஓரத்திலிருந்து முன்பக்கத்துக்குள் நகர்ந்திருந்தால் அகலம் தாராளம். மடிப்புக்குள் புகுந்திருந்தால் அகலம் பற்றாது, கஸெட் ஆழம் அதிகம். கம்ப்யூட்டர் வரைபடம் சொல்லாத விஷயத்தை இந்தப் புள்ளிகள் சொல்லிவிடும்.

அடுத்து எடை. 42-க்கு 57, இரண்டு அடுக்கு, ஆக 4788 சதுர செ.மீ பிளாஸ்டிக். 50 மைக்ரான் என்றால் 0.005 செ.மீ. எல்.டி. என்று சொல்லப்படும் குறை அடர்த்தி பாலித்தீனின் அடர்த்தி கன செ.மீ-க்குச் சுமார் 0.92 கிராம். பெருக்கினால் ஒரு பை 22 கிராம், நூறு பை 2.2 கிலோ. இந்தக் கணக்கைக் கையில் வைத்திருப்பது நல்லது. வந்த சரக்கில் நூறு பையை நிறுத்துப் பாருங்கள். 1.9 கிலோதான் இருக்கிறது என்றால், அளவு சரியாக இருக்கும்பட்சத்தில், உங்களுக்கு வந்தது 43 மைக்ரான். மைக்ரோமீட்டர் ஓரிடத்துத் தடிமனை மட்டும் காட்டும், அதையும் கஸெட் பகுதியில் வைத்துவிட்டால் நான்கு அடுக்கைக் காட்டும். தராசு மொத்தத்தையும் காட்டிவிடும். கேஜ் கணக்கில் பேசுகிறவர்களிடம் 50 மைக்ரானை ஏறக்குறைய 200 கேஜ் என்று சொல்லுங்கள். 100 கேஜ் என்பது 25.4 மைக்ரான்.

எத்தனை மைக்ரான் என்பதற்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. ஆனால் எது அதை ஏற்றுகிறது என்று சொல்லலாம். உள்ளேயிருந்து தள்ளும் அழுத்தம் ஒன்றாகவே இருந்தாலும், பை பெரிதாகப் பெரிதாக பிளாஸ்டிக்கின் மேல் இழுவிசை கூடும். வளைவின் ஆரத்தை அழுத்தத்தால் பெருக்கித் தடிமனால் வகுத்தால் அந்த இழுவிசை வரும். அதனால் சின்னப் பைக்குப் போதுமாக இருந்த தடிமன், அதே பொருளை இரட்டிப்பு அகலப் பையில் போடும்போது போதாது. துணி தானே வடிவத்தைத் தாங்கிக்கொள்ளும், பையைத் தள்ளாது, கூர் முனையும் கிடையாது. 40 முதல் 50 மைக்ரான் போதும். உதிரிப் பொருளின் கதை வேறு, அதற்குக் கீழே வருகிறேன்.

எந்தப் பிளாஸ்டிக் என்பதில், மடிப்பின் திசையைக் கவனியுங்கள். சைடு கஸெட்டின் மடிப்புக் கோடு, ஃபிலிம் மெஷினில் ஓடும் திசையிலேயே நீளமாக விழுகிறது. எச்.எம். என்று சொல்லப்படும் உயர் அடர்த்தி பாலித்தீன், காகிதம் போலச் சரசரக்கும், மெல்லிதாக இருந்தே நிறைய எடை தூக்கும், மடிப்பையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது ஓடுதிசையில் நார் பிரிவது போலக் கிழியக்கூடியது, மடிப்போ அதே திசையில். ஃபிலிம் செய்யும்போது பிளாஸ்டிக் குமிழாக ஊதப்படுகிறது (கீழே வருகிறேன்); அந்தக் குமிழை அகலமாக ஊதி, கழுத்தை நீளமாக வைத்து இழுத்தால் இரு திசையிலும் வலிமை ஓரளவு சமமாகும். அப்படிச் செய்யாத மலிவான எச்.எம். பையில், தூக்கும்போது மடிப்போடு சேர்ந்து நேர்கோடாகப் பிளந்துகொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். எல்.டி. மென்மையானது, மடிப்பைச் சீக்கிரம் மறந்துவிடும், ஆனால் பிளக்காது. அதில் எல்.எல்.டி. (லீனியர் வகைக் குறை அடர்த்தி பாலித்தீன்) கொஞ்சம் கலந்தால் குத்தைத் தாங்கும், சீலும் உறுதிப்படும். துணிக்கட்டுக்கு நான் எல்.டி., எல்.எல்.டி. கலவையைத்தான் சொல்வேன். கண்ணாடி மாதிரி பளபளப்பு வேண்டுமென்று பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) கேட்பவர்கள் உண்டு. அழகுதான். குளிர்சாதனக் கிடங்குக்குப் போகிற சரக்கு என்றால் மட்டும் வேண்டாம். சாதாரண பி.பி. பூஜ்ய டிகிரி அருகிலேயே விறைத்து நொறுங்கத் தொடங்கும், முதலில் மடிப்பில்தான் விரியும். பாலித்தீன் அதற்கு வெகு கீழேயும் இளக்கமாக இருக்கும்.

மடிப்பு எப்படி விழுகிறது என்று தெரிந்தால், சப்ளையரிடம் என்ன கேட்பது என்றும் தெரியும். பாலித்தீன் உருகி, டை எனப்படும் வட்டமான அச்சு வாயிலிருந்து குழாயாக வெளியே வருகிறது, காற்றால் ஊதி விரிக்கப்படுகிறது. நமக்கு 84 செ.மீ சுற்றளவு, அதாவது 26.7 செ.மீ விட்டமுள்ள குமிழ். 10 செ.மீ விட்டமுள்ள டையில் ஊதினால் விரிவு விகிதம் (குமிழ் விட்டம் டை விட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) 2.67, எல்.டி.க்கு வசதியான அளவு. குமிழ் மேலே போய் இரண்டு சாய்ந்த பலகைகளுக்கு நடுவே தட்டையாகும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக முக்கோணப் பலகை உள்ளே நுழைந்து ஓரத்தை உள்ளே தள்ளும். அதோடு சேர்த்து நிப் ரோலர் (நெருக்கிப் பிடிக்கும் உருளை ஜோடி) அழுத்திவிடும். கஸெட் அங்கேதான் பிறக்கிறது.

இங்கே இரண்டு கோளாறுகள் அடிக்கடி வரும். முக்கோணப் பலகைகளில் ஒன்று சற்று அதிகமாக நுழைந்தால் ஒரு பக்கக் கஸெட் 9, மறுபக்கம் 8 என்று ஆகிவிடும். பை நிற்கும்போது ஒரு பக்கம் சாயும், அச்சு நடுவிலிருந்து விலகும். இன்னொன்று, குமிழ் சரியாக ஆறாமல் சூடாகவே நிப் ரோலருக்குள் போவது. சூட்டோடு அழுத்தினால் கஸெட்டின் மடிப்புப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பையைத் திறக்கும்போது கஸெட் வராது, பிடித்து இழுத்தால் வெள்ளைக் கோடு விழும். ஒட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொடியும் வழுக்கலுக்குச் சேர்க்கும் பொருளும் உதவும்தான். ஆனால் ஆறாத குமிழை அவற்றால் காப்பாற்ற முடியாது. மாதிரிப் பை வந்ததும் முதல் வேலையாக இரண்டு கஸெட்டையும் விரலால் பிரித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே இலகுவில் பிரிய வேண்டும்.

ரோலாக வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கஸெட் இருக்கும் ஓரங்களில் நான்கு அடுக்கு, நடுவில் இரண்டு. சுற்றச் சுற்ற ஓரம் கெட்டியாகவும் நடு தொளதொளவென்றும் ஆகும். ரோலைக் கையால் தட்டினாலே தெரியும். மிகப் பெரிய ரோல் கேட்காதீர்கள். கட்டாக வரும் பைகளும் இதே காரணத்தால் நடுவில் குழிந்து அடுக்கப்பட்டிருக்கும்.

இனி சீல். இந்தப் பையில் உயிர் இருக்கும் இடமும் போகும் இடமும் இதுதான்.

அடிச் சீலை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு விரலால் தடவிப் பாருங்கள். முதல் 8.5 செ.மீ நான்கு அடுக்கு, பிறகு 8 செ.மீ இரண்டு அடுக்கு, மறுபடியும் 8.5 செ.மீ நான்கு அடுக்கு. ஒரே சீலிங் பட்டை, ஒரே சூடு, ஒரே நேரத்தில் இந்த இரண்டு தடிமனையும் ஒட்ட வேண்டும். நான்கு அடுக்கு நன்றாக உருகும் அளவுக்குச் சூடு வைத்தால் நடுவிலுள்ள இரண்டு அடுக்கு அதிகமாக உருகி, சீலின் ஓரத்தில் மெலிந்துபோகும். நடுப்பகுதிக்குத் தக்கபடி வைத்தால் ஓரங்களில் உள் அடுக்கு ஒட்டாமல் வெறுமனே ஒட்டியது போலக் கிடக்கும். ஆபரேட்டர் சூட்டைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தால் அந்த மெஷினில் இந்தச் சண்டைதான் நடக்கிறது என்று அர்த்தம். சூட்டைக் கூட்டுவதைவிட, அழுத்தி வைத்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டுவது பெரும்பாலும் நல்ல வழி. நான்கு அடுக்குக்குள்ளும் சூடு மெதுவாகப் போய்ச் சேரும், நடுப்பகுதியும் தீயாது.

அதைவிட மோசமான இடம், நான்கு இரண்டாக மாறும் அந்தப் புள்ளி. ஓரத்திலிருந்து 8.5 செ.மீ தள்ளி, மடிப்பின் நுனி முடியும் இடம், பக்கத்துக்கு ஒன்று. அங்கே ஒரு படி இருக்கிறது. 50 மைக்ரான் பையில் அந்தப் படியின் உயரம் 100 மைக்ரான். சீலிங் பட்டை படியின் மேலே அமர்ந்துவிடும், படியை ஒட்டிய ஓரத்தில் அழுத்தம் விழாது. ஊசி முனை அளவுக்கு ஒரு வாய்க்கால் அங்கே திறந்தே இருக்கும். துணிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மாவு போன்ற தூளை நிரப்பினால் அந்த இரண்டு புள்ளிகளிலிருந்தும் மெல்லிய கோடாகத் தூள் கசியும். திரவத்துக்கு இந்த வடிவத்தை நினைக்கவே வேண்டாம்.

வாய்க்காலை அடைக்க வழிகள் உண்டு. பட்டைக்கு எதிரே இருக்கும் சிலிக்கான் ரப்பர் மென்மையாக இருந்தால் படியின் இரு பக்கமும் அமுங்கிக் கொடுக்கும். ரப்பர் பழசாகிப் பள்ளம் விழுந்திருந்தால் எந்தச் சூட்டிலும் ஒட்டாது, முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். உருகும்போது நன்றாக வழிந்தோடும் ரகப் பிளாஸ்டிக்கை உள் அடுக்கில் வைத்தால், அது வழிந்தே இடுக்கை நிரப்பும். ஒரு செ.மீ இடைவெளியில் இரண்டாவது சீல் போடுவதும் வழக்கம், அதற்கு நீளத்தில் ஒரு செ.மீ கூட்டிக்கொள்ளுங்கள். குப்பைப் பைகளில் வேறொரு தந்திரம். கஸெட்டோடு இருக்கும் டியூபை மறுபடியும் மடித்துப் பல அடுக்காக்கி, ஒரே குறுகிய சீலாகப் போட்டுவிடுவார்கள். விரித்தால் அடியில் நட்சத்திரம் மாதிரி தெரியும். பல அடுக்கை ஒட்டும் அளவுக்கு மெல்லிய ஃபிலிமாக இருந்தால் கசிவு நன்றாகக் குறையும். ஆனால் பை நிற்காது. உங்களுக்கு அது உதவாது.

பையின் வாயை மூடும்போது இந்தத் தலைவலியை ஒரேயடியாகத் தவிர்க்கலாம். கஸெட்டை வெளியே இழுத்து, வாயைத் தட்டையாக 42 செ.மீ அகலத்துக்கு விரித்துச் சீல் போடுங்கள். முழுக்க இரண்டே அடுக்கு, படியே இல்லை. மேலே காது நீட்டும், அழகு குறையும், 42 செ.மீ நீள சீலர் வேண்டும். ஈரம் படக் கூடாத சரக்குக்கு நான் அழகைத்தான் விடுவேன்.

சரி, அடிக் கஸெட்? அதில் ஃபிலிம் அடியில் டபிள்யூ வடிவில் மடங்கும், பக்கங்களில் சீல் வரும். கொஞ்சம் எடையுள்ள சிறு பொட்டலங்களை அலமாரியில் நிமிர்த்தி வைக்க அதுதான் வசதி. லூயி டோயன் 1960-களில் பிரான்ஸில் கொண்டுவந்த நிற்கும் பௌச்சின் அடிப்படையும் அதுவே. 24-க்கு 16 அடியுள்ள 35 செ.மீ உயரக் கட்டுக்கு அது பொருந்தாது. எந்த மடிப்பு வைத்தாலும் 84 செ.மீ சுற்றளவு வேண்டும், ஆகவே பை 42 செ.மீ அகலமாகவே தொங்கும், பக்கங்களில் துணிக்கட்டை விட்டு விலகிச் சுருங்கும்.

பௌச் என்று பேச்சு வந்ததால், பல ஃபிலிம்களை ஒட்டிச் செய்யும் லேமினேஷன் பைகளில் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாலித்தீன் மட்டும் உள்ள பையில் எந்தப் பக்கமும் எந்தப் பக்கத்தோடும் ஒட்டும். லேமினேஷனில் வெளிப்பக்கம் பாலியெஸ்டர், உள்பக்கம்தான் பாலித்தீன். கஸெட்டில் வெளிப்பக்கமும் வெளிப்பக்கமும் முகம் பார்த்துக்கொள்ளும் இடத்தில் சீல் பிடிக்கவே பிடிக்காது. நிற்கும் பௌச்சின் அடி மடிப்பு ஓரங்களில் சின்ன அரைவட்ட ஓட்டை குத்தியிருப்பது இதற்காகத்தான். ஓட்டை வழியாக முன், பின் உள்பக்கங்கள் ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்ளும், கால்கள் பிரியாமல் நிற்கும். அலுமினியத் தகடு சேர்ந்த லேமினேட் என்றால் மடிப்பு நுனிகளில் தகடு வெடித்து நுண்துளை விழுவதும் உண்டு. ஈரத்தையும் ஆக்ஸிஜனையும் தடுக்க வாங்கிய தகடு, மடிப்பில் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது. தேவையில்லாமல் லேமினேஷனுக்குப் போகாதீர்கள். பாலித்தீன் மட்டும் என்றால் மறுசுழற்சிக்கும் எளிது.

அச்சைப் பற்றிக் கொஞ்சம். மடிப்புக் கோடு ஓடும்போது மூன்று நாலு மில்லிமீட்டர் இப்படி அப்படி நகரும். மடிப்பு ஓரத்தை ஒட்டிக் கோடு, பார்டர் எதுவும் வைக்காதீர்கள். வைத்தால் ஒரு பையில் முன்பக்கம் தெரியும், அடுத்த பையில் கஸெட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். பார்கோடு மடிப்பின் குறுக்கே வரவே கூடாது. அடிச் சீல் வரும் இடத்தில் கஸெட்டின் வெளிப்பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும், நடுவில் மை இருந்தால் ஒட்டாது. சீலுக்கு மேலும் கீழும் ஒன்றிரண்டு செ.மீ மையில்லாமல் விடச் சொல்லுங்கள். மை பிடிக்க ஃபிலிமின் மேற்பரப்புக்கு மின்சாரத்தால் கொடுக்கும் கரோனா ட்ரீட்மென்டும் சீலைக் கொஞ்சம் பலவீனமாக்கும், அளவுக்கு மீறிக் கொடுத்தால் கண்டிப்பாக.

இப்போது குருணை. இதே பையில் போட முடியுமா? போடலாம், ஆனால் துணிக்கட்டு போல அது நிற்காது. உதிரிப் பொருள் எல்லாப் பக்கமும் தள்ளும், பையோ தன் சுற்றளவுக்கு அதிகபட்ச இடம் தரும் வடிவத்தைத் தேடும். முதலில் பார்த்த கணக்கின்படி அந்த வடிவம் உருண்டை. முன்பக்கமும் கஸெட்டும் புடைத்து, நாலு மடிப்புக் கோடும் மங்கி, பீப்பாய் மாதிரி ஆகிவிடும். அடுக்கினால் உருளும். செவ்வகமாகவே நிற்க வேண்டுமென்றால் நான்கு மூலைகளிலும் மேலிருந்து கீழ்வரை சீல் போட்டு முதுகெலும்பு கொடுக்கும் குவாட் சீல் பைக்குத்தான் போக வேண்டும். அதுவும் கொஞ்சம் புடைக்கும், ஆனால் நிற்கும். இந்தப் பையிலேயே குருணையை நிரப்புவதானால் தடிமனைக் கூட்டுங்கள். 10 கிலோவுக்குக் கிட்டத்தட்ட என்றால் 80, 100 மைக்ரானிலிருந்து சோதனையைத் தொடங்கலாம். தடிமன் கூடினால் அந்தப் படியும் கூடும் என்பதை மறக்காதீர்கள். 100 மைக்ரானில் படி 200 மைக்ரான், சீல் வேலை இரட்டிப்புக் கடினம். மூடும்போது உள்ளே மாட்டும் காற்றுக்கும் வழி வேண்டும். சீலுக்குக் கீழே சில நுண்துளைகள் இல்லையென்றால், அடுக்கின் அடியிலுள்ள பை பலூனாகி அந்த இரண்டு புள்ளிகளில் வெடிக்கும்.

ஆர்டர் எழுதும்போது படம் வரைந்து கொடுங்கள். கஸெட் 8.5 என்று மட்டும் எழுதினால் ஒருவர் அதை ஒரு பக்கம் உள்ளே போகும் ஆழமாக எடுப்பார், இன்னொருவர் விரிந்த முழு ஆழமாக எடுத்து ஆளுக்கு 4.25 மடித்துவிடுவார். இரண்டு பைகளும் மடித்த நிலையில் 25 செ.மீ அகலமாகவே தெரியும், விரித்தால்தான் வித்தியாசம். முன்பக்கம் 25, ஒவ்வொரு பக்கமும் உள்ளே 8.5, விரித்த டியூப் 42, நீளம் 57, அடிச் சீல் ஓரத்திலிருந்து 1 என்று ஐந்தையும் படத்தில் குறித்துவிடுங்கள். டியூப் அகலம் 42 என்று எழுதியிருந்தால் மற்ற எண்களில் குழப்பம் வந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். தடிமனில் 10 சதவீதம் வரை ஏறி இறங்குவது தொழிலில் சகஜம். கஸெட் இரண்டு பக்கமும் எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

மாதிரி வந்ததும், உண்மையான பொருளை உண்மையான எடையில் நிரப்பி மூடி, இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். ஒன்றை அடி படும்படி, ஒன்றை முன்பக்கம் படும்படி, ஒன்றைக் கஸெட் பக்கம் படும்படி. கஸெட் பக்கம் விழுவதைக் குறிப்பாகக் கவனியுங்கள், அதிர்ச்சி மடிப்பு நுனியின் வழியாகச் சீலுக்குப் போகலாம். விழுந்த பையைக் காலி செய்து, உள்ளே தண்ணீர் ஊற்றி, வாயைக் கையில் பிடித்துத் தூக்குங்கள். அடிச் சீலில் ஓரத்திலிருந்து 8.5 செ.மீ தள்ளி, இரண்டு பக்கமும் பாருங்கள். துணிக்கட்டுக்கான பையில் அங்கே ஒன்றிரண்டு சொட்டு வந்தால் விட்டுவிடலாம். குருணைப் பையில் வந்தால் முதலில் ரப்பரை மாற்றச் சொல்லி மறுபடி மாதிரி கேளுங்கள், மைக்ரானைக் கூட்டுவது அதற்கு அப்புறம்.